ஜப்பானிய வகுப்பில் சேருமுன்: கட்டணம் யார் பெயரில் கடனாகிறது என்று பாருங்கள்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் வேலை பார்த்துக்கொண்டே ஜப்பானிய மொழி படிக்க இடம் தேடுகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் சேர்ந்த பயிற்சி மையத்தின் பெயரை எழுதவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு இருக்கிறது. தவிர, ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும். இந்த வகை மையங்களை விளம்பரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்: "6 மாதத்தில் என்3! ஜப்பானில் வேலை உறுதி! வட்டியில்லா இஎம்ஐ!" (என்3 என்பது ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வின் நடு நிலை. என்5 அடிப்படை, என்1 உச்சம்.) முதல் இரண்டைக் கேட்டால் யாருக்கும் கொஞ்சம் சந்தேகம் வரும். மூன்றாவது சாதுவாகத் தெரியும். மொத்த வியாபாரமும் அதில்தான் இருக்கிறது.

எனக்கு ஜப்பான் போகும் எண்ணமே கிடையாது. ஒரகடத்தில் ஜப்பானிய நிறுவனங்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஆய்வுக்கு வரும் ஜப்பானியப் பொறியாளர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பாதியாவது புரிந்தால் நல்லது. என்4 தேறினால் கம்பெனியில் மாதப்படியும் உண்டு. இவ்வளவுதான் என் தேவை. இதைத் தெளிவாகச் சொன்ன பிறகும் மையத்தின் ஆலோசகர் என்னை ஜப்பானுக்கு அனுப்புவதிலேயே குறியாக இருந்தார்.

அவருடைய துருப்புச்சீட்டு தமிழ்ப் பெருமை. "சார், சுசுமு ஓனோன்னு ஒரு ஜப்பான் பேராசிரியர், தமிழ்லேர்ந்துதான் ஜப்பான் மொழி வந்துச்சுன்னு நிரூபிச்சிருக்கார். நமக்கெல்லாம் பாதி ஏற்கெனவே தெரியும்." ஓனோ அப்படி ஒரு கருத்தைப் பல ஆண்டுகள் எழுதியது உண்மை. ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வினைச்சொல் கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு மாதிரி சின்னச் சின்னச் சொற்கள் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வதும் தமிழருக்குக் கைகொடுக்கும் என்பதை நானே முதல் சில பாடங்களில் பார்த்தேன். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் திணறுகிற இடத்தில் நாம் சும்மா நடந்து போய்விடலாம். அந்தச் சலுகை 'கஞ்சி' எனப்படும் சீன வழி எழுத்துகள் வரும் வரைதான். ஒரே எழுத்துக்கு இடத்துக்கு இடம் மாறும் இரண்டு மூன்று உச்சரிப்பை ஓனோ வந்து மனப்பாடம் செய்து தரமாட்டார்.

6 மாதத்தில் என்3 என்பதை ஒரு பேனாவும் தாளும் இருந்தால் சரிபார்த்துவிடலாம். ஜேஎல்பிடி தேர்வு 2009 வரை நான்கு நிலையாக இருந்தது. அப்போது ஒவ்வொரு நிலைக்கும் தோராயமாக எத்தனை மணி நேரம் படித்திருக்க வேண்டும் என்று அதிகாரபூர்வமாகவே சொல்லியிருந்தார்கள்: 150, 300, 600, 900. இன்றைய என்5 அந்த 150க்கும், என்4 அந்த 300க்கும் நேர். 2010இல் புதிதாக நுழைத்த என்3, 300க்கும் 600க்கும் நடுவில் வரும். இவர்கள் தருவது சனி, ஞாயிறு இரண்டு நாளும் இரண்டிரண்டு மணி நேரம். 26 வாரத்துக்கு 104 மணி. ஒரு வகுப்பும் ரத்தாகாமல் நடந்தாலும் என்5க்கே வீட்டில் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

சரி, பணத்துக்கு வருகிறேன். அறிமுக வகுப்புக்கு ஒரு ஜப்பானியர் காணொளியில் வந்தார். அருமையாக நடத்தினார். அதற்கப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை. அவர் திரையிலிருந்து போன கையோடு ஆலோசகரின் அழைப்பு: மொத்தம் 72,000, ஜிஎஸ்டி தனி, இன்றைக்குள் சேர்ந்தால் மாதம் 6,000 வீதம் 12 தவணை, வட்டி கிடையாது. ஆதாரும் பான் கார்டும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொன்னார். "பதிவுக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க சார்" என்றார். அது பதிவுக்கான ஓடிபி இல்லை. ஒரு கடன் நிறுவனத்தோடு என் பெயரில் போட்ட ஒப்பந்தத்துக்கான மின்கையொப்பம். தவணையை என் வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும் அனுமதியும் அதே ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

இது எப்படி வேலை செய்கிறது என்றால், கடன் நிறுவனம் தன் வட்டியைக் கழித்துக்கொண்டு மீதிக் கட்டணம் முழுவதையும் மையத்துக்கு உடனே கொடுத்துவிடும். வட்டியில்லை என்பது நமக்குக் காட்டும் கணக்கு. அது கட்டணத்தில் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கும். ரொக்கமாகக் கட்டிய ஒரு வகுப்புத் தோழர் 58,000தான் கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது. மையத்துக்கு முழுப் பணமும் வகுப்பு தொடங்குமுன்பே வந்துவிட்டது. இனி ஆசிரியர் வந்தாலும் வராவிட்டாலும், நீங்கள் படித்தாலும் படிக்காவிட்டாலும் அவர்களுக்கு ஒரு பைசா குறையாது. மாதாமாதம் கட்டணம் வாங்குகிற ஆசிரியர் இரண்டு வாரம் வகுப்பெடுக்காவிட்டால் அடுத்த மாதம் ஆள் இருக்காது. அந்தப் பயம் இங்கே யாருக்கும் இல்லை.

ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த மின்னணுக் கடன் விதிகளின்படி, கடனின் உண்மையான செலவைக் காட்டும் விவரத்தாள் ஒன்றை முதலிலேயே தர வேண்டும். கடன் வேண்டாம் என்று தோன்றினால் குறிப்பிட்ட சில நாளுக்குள் அசலையும் அதுவரைக்குமான விகிதாசாரச் செலவையும் கட்டிவிட்டு அபராதமில்லாமல் வெளியேறலாம். எத்தனை நாள் என்பது அந்தத் தாளிலேயே இருக்கும். எங்கள் வகுப்பு தொடங்கியது கடன் வழங்கி இரண்டு வாரம் கழித்து. வகுப்பின் லட்சணம் தெரிவதற்குள் அந்த அவகாசம் முடிந்திருந்தது. தற்செயல் என்று நம்பச் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இனி வகுப்பு. இணையவழி, திரையில் நாற்பதுக்கும் மேற்பட்ட முகம். பாடநூல் 'மின்னா நோ நிஹோங்கோ'. அதற்கு இந்தியப் பதிப்பே கடையில் கிடைக்கிறது. எங்களுக்குக் கட்டணத்தில் சேர்த்து வந்தது எழுத்து மங்கிய ஜெராக்ஸ் பிரதி. ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரும் "முன்னாடி எங்கே விட்டாங்க?" என்று கேட்டு, கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பிப்பார்கள். இதில் 14ஆம் பாடம் எங்களுக்கு ஊர்த் தேர் மாதிரி நிலைக்கு வராமலே நின்றது. வினைச்சொல்லின் 'தே' வடிவம் (நம் 'எழுதி', 'போய்' மாதிரி) வருவது அந்தப் பாடத்தில்தான். அது பிடிபடாமல் மேலே ஒரு படி ஏற முடியாது. 'கக்கு' (எழுது) என்பது 'கைதே' ஆகிறதே, 'இக்கு' மட்டும் ஏன் 'இத்தே' ஆகிறது என்று ஒருவர் கேட்டார். விதிவிலக்கு, அப்படியே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரியில் முடிய வேண்டிய பதில். ஆசிரியை ஒரு நிமிடம் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "அதெல்லாம் எக்ஸாமுக்கு வராது சார்" என்றார். போகிறேன், வருகிறேன் என்பதில் வரும் 'போ' அது! அவர் தேறியிருந்தது என்4 என்று பின்னால் அவரே பேச்சுவாக்கில் சொன்னார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கும் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்று அதே மூச்சில் சொன்னார்.

கேட்டல் பயிற்சிதான் படுமோசம். ஒலிப்பதிவை ஓட்டவே மாட்டார்கள். விடைப்பகுதியில் இருக்கும் உரையாடலை ஆசிரியையே ஆற அமர, தமிழ் ராகத்தில், மூன்று தடவை வாசிப்பார். எல்லாருக்கும் விடை வரும். எல்லாருக்கும் கைதட்டு. உண்மைத் தேர்வில் ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஓடும், இயல்பான வேகத்துக்குப் பக்கத்தில். ஒரு பகுதியில் விடைகள்கூட அச்சில் இருக்காது. கேள்வியும் மூன்று விடையும் காதில் மட்டும் விழும்.

தேர்ச்சிக்கு 180க்கு 80 எடுத்தால் போதும் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். என்5க்கு மொத்தம் 80 என்பது சரி. அதோடு மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த பகுதியில் 120க்கு 38, கேட்டலில் 60க்கு 19 எடுத்தே ஆக வேண்டும் என்பதை யாரும் வாய் திறக்கவில்லை. என்5 எழுதிய எனக்கு மொத்தம் 91, கேட்டல் 16. தேறவில்லை. மையத்தில் கேட்டபோது ஆறுதலாக ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். மேலே பெரிதாக 'என்5', மூலையில் பளபளப்பு முத்திரை, கீழே இயக்குநர் கையெழுத்து. ஜேஎல்பிடி சான்றிதழை ஜப்பான் அறக்கட்டளையும் அவர்களோடு இணைந்து தேர்வு நடத்தும் ஜப்பானிய அமைப்பும்தான் தர முடியும். வேறு யார் கொடுத்தாலும் சட்டம் போட்டு வீட்டில் மாட்டலாம், அவ்வளவுதான்.

நானாவது தேர்வு எழுதினேன். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த, செவிலியர் படிப்பு முடித்த ஒரு பெண் எழுதவே முடியவில்லை. தேர்வுக் கட்டணத்தோடு 'சேவைக் கட்டணம்' என்று ஒன்றைச் சேர்த்து வாங்கிக்கொண்டு, நாங்களே பதிவு செய்துவிடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். செய்யவில்லை. ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறு நடக்கும் தேர்வுக்கு விண்ணப்பக் கெடு சில மாதம் முன்பே முடிந்துவிடும். அவர் அனுமதிச் சீட்டு கேட்டது நவம்பரில். சென்னையில் தேர்வை நடத்துவது ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகை தமிழ்நாடு மையம். அவர்கள் அறிவிக்கும் தேதியில் நாமே நேரடியாக விண்ணப்பிக்கலாம். இடையில் யாரும் தேவையில்லை.

"அண்ணா, என்5 இருந்தா போதும், முதியோர் பராமரிப்பு வேலைக்கு அனுப்பிடுவோம்னு சொல்லித்தான் 50,000 தனியா வாங்கினாங்க" என்றார் அந்தப் பெண். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக 2019இல் ஜப்பான் தொடங்கிய 'குறிப்பிட்ட திறன்' விசாவுக்கு என்5 செல்லாது. என்4 வேண்டும், அல்லது கணினியில் எழுதும் ஜேஎஃப்டி-பேசிக் என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் 250க்கு 200 வேண்டும். பராமரிப்பு வேலைக்கு அதற்கென்று தனித் திறன் தேர்வும், அத்துறை சார்ந்த ஜப்பானிய மொழித் தேர்வும் உண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்ற முகவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். பதிவு உண்டா என்று இ-மைகிரேட் தளத்தில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். நாங்கள் பார்த்தோம். அந்த மையத்தின் பெயர் பட்டியலில் இல்லை.

பிறகு வகுப்பே நின்றது. "பழைய ரெக்கார்டிங் பாருங்க, புது பேட்ச் விரைவில்" என்று ஒரு செய்தி. அலுவலகத்துக்குப் போனால் பெயர்ப்பலகை இருந்தது, உள்ளே வரவேற்பில் ஒரு பெண் மட்டும். "கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்று ரசீதின் பின்னால் இருந்த வரியைக் காட்டினார். ரசீதின் முன்பக்கத்தை நான் அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன்: 18 சதவீத ஜிஎஸ்டி வாங்கியிருக்கிறார்கள், ஜிஎஸ்டி எண் அச்சிடவே இல்லை. கடன் நிறுவனத்தைக் கூப்பிட்டால், "இன்ஸ்டிடியூட் பிரச்சினை எங்களுக்குத் தெரியாது சார், லோன் உங்க பேர்ல இருக்கு." கோபத்தில் தவணையை நிறுத்தியவர்களுக்குச் சிபில் மதிப்பெண் விழுந்தது, ஒருவருக்கு வீட்டுக் கடன் தள்ளிப்போனது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டி முடித்தேன்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் கொடுத்தேன். மையம் "மாணவர் வகுப்புக்கு ஒழுங்காக வரவில்லை" என்று ஒரு வரி பதில் அனுப்பியது. கடன் நிறுவனத்தின் மேல் ரிசர்வ் வங்கியின் குறைதீர் தளத்தில் தனியாக ஒரு புகார். அதற்குப் பிறகுதான் ஒப்பந்தப் பிரதியும் விவரத்தாளும் என் கைக்கு வந்தன. அடுத்து இ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், மையம் எங்கே இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வேலை உறுதி, தேர்ச்சி உறுதி என்று பயிற்சி மையங்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அவர்களுடைய விளம்பரத்தின் படத்தை நான் எடுத்து வைத்திருந்தது இங்கே உதவியது. தளத்திலிருந்து அதை அதற்குள் எடுத்துவிட்டார்கள்.

இப்போது ஒரு ஆசிரியையிடம் மாதக் கட்டணத்தில் படிக்கிறேன். என்2 தேறியவர், வகுப்பில் ஆறு பேர்தான். முதல் நாளே ஒலிப்பதிவை ஓட்டினார், யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மீதி நேரத்துக்கு ஜப்பான் அறக்கட்டளை இலவசமாகத் தரும் 'இரோடோரி' பாடநூலும் அதன் ஒலிக்கோப்புகளும் இருக்கின்றன. ஒரகடத்துக்குப் பேருந்தில் போகும்போது கேட்கிறேன்.

இதே மாதிரி கடனில் சேர்ந்து இன்னும் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள், மையம் மூடும் வரை காத்திருக்க வேண்டாம். ஒப்பந்தப் பிரதி, விவரத்தாள், ரசீது, விளம்பரம், ரத்தான வகுப்புகளைப் பற்றிய வாட்ஸ்ஆப் செய்திகள் எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். குழுவிலிருந்து அவர்கள் உங்களை நீக்கிவிட்டால் பழைய செய்திகள் உங்கள் போனில் இருக்கும்போதே ஏற்றுமதி செய்துவிடுங்கள். ஆணையத்தில் என்னிடம் முதலில் கேட்டது கடன் ஒப்பந்தம், இரண்டாவது அந்தச் செய்திகள்.