பத்தாயிரமா, இருபதாயிரமா? ஏழு வருடம் பவர் பேங்க் சுமந்தவனின் கணக்கு

நான் வாங்கிய முதல் பவர் பேங்க்கை ஒரு விமான நிலையத்தில் பறிகொடுத்தேன். 2018 கடைசியில் நடைபாதைக் கடையில் 600 ரூபாய்க்கு வாங்கியது. முதுகில் கொட்டை எழுத்தில் 30000 எம்.ஏ.எச். (எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதன் அளவு) என்று போட்டிருந்தார்கள். பாதுகாப்புச் சோதனையில் இருந்தவர் அதைத் திருப்பிப் பார்த்தார், தலையாட்டினார், ஓரமாக இருந்த டப்பாவில் போட்டார். "இது அளவுக்கு மேல சார், கொண்டுபோக முடியாது."

அதில் பத்தாயிரம்கூட இல்லை என்பது எனக்குத் தெரியும். வாங்கிய வாரமே என் 4000 எம்.ஏ.எச். போனை ஒன்றரை தடவை ஏற்றிவிட்டு அது படுத்துக்கொண்டது. சந்தேகப்பட்டு மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 210 கிராம். முப்பதாயிரத்துக்கான லித்தியம் செல் மட்டுமே அரைக் கிலோவைத் தொடும். ஆனால் சோதனைக்கு நிற்கும்போது, "ஐயா, இது டுபாக்கூர், உள்ளே ஒன்றுமில்லை" என்று சொல்லவா முடியும்? பொய் சொன்னது கடைக்காரர், பறிகொடுத்தது நான்.

அந்தக் கோபத்தில்தான் எண்களைப் படிக்க ஆரம்பித்தேன். விமானத்தில் எம்.ஏ.எச். கணக்கு கிடையாது, வாட் அவர்தான், அதாவது உள்ளே அடங்கும் மொத்த ஆற்றல். எம்.ஏ.எச்.ஐ செல்லின் மின்னழுத்தமான 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அது வந்துவிடும். 10000 என்றால் 37 வாட் அவர், 20000 என்றால் 74. நூறு வரை கைப்பையில் தாராளமாகக் கொண்டுபோகலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கூடாது. நூறு வாட் அவர் என்பது ஏறத்தாழ 27000 எம்.ஏ.எச். என் முப்பதாயிரம் 111 ஆகிறது, பிடித்ததில் தப்பே இல்லை. செக்-இன் பெட்டியில் மட்டும் எந்த அளவானாலும் வைக்கக்கூடாது.

அடுத்து 2019இல் நல்ல கம்பெனியின் 20000 ஒன்று வாங்கினேன். நாலு வருடம் உழைத்தது. எடை 430 கிராம். அம்மா அதற்கு வைத்த பெயர் செங்கல். "செங்கல்ல எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டுத்தான் ஊருக்கு வழியனுப்புவார்.

செங்கல்லின் நல்ல குணம் தெரிந்தது டெல்லிப் பயணங்களில்தான். வேலை விஷயமாக வருடத்துக்கு இரண்டு முறை தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போவேன். சென்னையில் இரவு ஏறினால் இரண்டு இரவும் நடுவில் ஒரு முழுப் பகலும் வண்டிக்குள். பழைய ஸ்லீப்பர் பெட்டியாக மாட்டினால் எல்லாத் தடுப்பிலும் பிளக் பாயிண்ட் இருக்காது. இருக்கிற இடத்திலும் அது தொளதொளவென்று இருக்கும். சார்ஜரின் வயிற்றுக்கு அடியில் மடித்த கைக்குட்டையைச் செருகி முட்டுக்கொடுத்தால்தான் ஏறும். வண்டி ஒரு குலுக்கு குலுக்கினால் கைக்குட்டையும் விழும், சார்ஜரும் விழும். போதாததற்கு, தீ விபத்துக்குப் பயந்து இரவு 11 மணிக்கு மேல் காலை 5 வரை பல ரயில்களில் பிளக் பாயிண்டுக்கு வரும் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். சரியாக நாம் சார்ஜ் போட நினைக்கும் நேரம்.

அப்போதெல்லாம் செங்கல் கைகொடுத்தது. எனக்கு மட்டுமில்லை. போபால் தாண்டுவதற்குள் எதிர் சீட்டு அக்கா, "தம்பி, பத்து பர்சன்ட் போட்டுக்கட்டுமா?" என்பார். பத்து என்பது எழுபதில் போய் நிற்கும். பெரிய பவர் பேங்க் வைத்திருப்பவனுக்கு ரயிலில் சொந்தக்காரர்கள் அதிகம்.

கெட்ட குணம், அதன் வயிற்றை நிரப்புவது. என்னிடம் இருந்தது 10 வாட் சார்ஜர்தான். இரவு ஒன்பதுக்குப் போட்டால் காலை ஏழுக்குத்தான் நிறைந்ததைக் காட்டும் நாலாவது விளக்கு எரியும். லாட்ஜுக்கு இரவு பதினொன்றுக்கு வந்து விடிகாலை ஐந்துக்குக் கிளம்பும் பயணத்தில் அது ஒருநாளும் நிறையவில்லை. இருபதாயிரத்தைச் சுமந்தேன், பன்னிரண்டாயிரத்தைப் பயன்படுத்தினேன். கொள்ளளவு பார்த்து வாங்குபவர்கள் உள்ளே போகும் வேகத்தைப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. இருபதாயிரம் வாங்குவதானால் குறைந்தது 18 வாட் வேகத்தில் உள்ளே வாங்கும் டைப் சி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் அதற்கேற்ற சார்ஜரும் வேண்டும்.

2022இல் ஒரு 10000 வாங்கினேன். அது வந்ததே வெள்ளியங்கிரியால்தான். மலையேற நண்பர்களோடு இரவு பத்து மணிக்குக் கிளம்பினோம். பையில் தண்ணீர், கம்பளி, பழம், கூடவே செங்கல். மூன்றாவது மலைக்குள் தோள்பட்டை அதன் இருப்பிடத்தைத் துல்லியமாகச் சொன்னது. ஏழு மலையும் ஏறி இறங்கி முடிந்தபோது அதில் ஒரே ஒரு விளக்குதான் குறைந்திருந்தது. டார்ச்சும் நாலு போட்டோவும் எவ்வளவு குடித்துவிடும்? உண்மையில் குடித்தது சிக்னல். டவர் கிடைக்காத இடத்தில் போன் ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கும், சும்மா கிடந்தாலும் பேட்டரி இறங்கும். விமானப் பயன்முறையில் போட்டிருந்தால் பவர் பேங்க்கே தேவைப்பட்டிருக்காது.

புதியது 220 கிராம். சட்டைப் பையில் போட்டால் ஒருபக்கம் இழுக்கும், பேன்ட் பையில் சரியாக உட்காரும். இப்போது என் போன் 5000 எம்.ஏ.எச். பத்தாயிரம் அதை இரண்டு தடவை ஏற்றும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். உள்ளே இருக்கும் செல்லின் மின்னழுத்தம் 3.7 வோல்ட், வெளியே கொடுப்பது 5 வோல்ட். அந்த மாற்றத்திலும் சூட்டிலும் போனது போக, 5 வோல்ட்டில் ஆறாயிரத்துச் சொச்சம்தான் கைக்கு வரும். இதை மறைப்பதும் இல்லை, பின்பக்கம் பொடி எழுத்தில் ரேட்டட் கெபாசிட்டி என்று அச்சிட்டிருப்பார்கள். கடையில் பெரிய எண்ணை விட்டுவிட்டு அதைப் படியுங்கள். அது இல்லாத பொருளை நான் கையால் தொடுவதில்லை.

என் கணக்கு: புதிதில் 8 சதவீதத்தில் இருந்த போனை முழுசாக ஏற்றி, அப்புறம் இன்னொரு 50 சதவீதம் கொடுத்தது. மூன்று வருடம் கழித்து அந்த ஐம்பது முப்பதாகிவிட்டது. ஒரு ராத்திரி ரயிலுக்கு இது ஏராளம். மாதம் ஒருமுறை கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் நாகர்கோவில் போய் வருகிறேன், பாதிக்கு மேல் தீர்ந்ததே இல்லை.

ஆகவே நான் இப்போது எம்.ஏ.எச். பார்ப்பதில்லை. ஒரு பிளக் பாயிண்டிலிருந்து அடுத்த நம்பகமான பிளக் பாயிண்டுக்கு எத்தனை மணி நேரம் என்றுதான் பார்க்கிறேன். ஒரு நாளுக்குள் என்றால் பத்தாயிரம். இரண்டு நாள் என்றாலோ, கூட்டத்தோடு போவதென்றாலோ இரண்டு பத்தாயிரம். ஆம், ஒரு இருபதாயிரத்தைவிட இரண்டு பத்தாயிரம் எனக்குப் பிடித்திருக்கிறது. விலை கொஞ்சம் கூடும். ஆனால் மனைவியிடம் ஒன்று, என்னிடம் ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம், இரண்டையும் ஒரே நேரத்தில் சார்ஜ் போடலாம், ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று இருக்கும். லேப்டாப்புக்கும் சேர்த்து வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்கள் 45 வாட்டாவது வெளியே தரும் இருபதாயிரத்தைத்தான் சுமக்க வேண்டும்.

விமானத்தில் இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் தரையில் நின்ற விமானம் தீப்பிடித்தது. எல்லாரும் தப்பினார்கள். மேலே பை வைக்கும் அறையில் இருந்த பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் விதியை இறுக்கிவிட்டன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரல் 1 முதல் பவர் பேங்க்கைக் கையில் வைத்திருக்கலாம், பறக்கும்போது அதிலிருந்து போனை ஏற்றக்கூடாது. தங்கையைப் பார்க்க சிங்கப்பூர் போனபோது போனை வீட்டிலேயே நூறுக்கு ஏற்றிக்கொண்டுதான் கிளம்பினேன்.

செங்கல் என்ன ஆனது என்று சொல்லவில்லையே. 2023 மே மாதம், தூத்துக்குடியில் ஒரு கல்யாணம். காரின் டாஷ்போர்டில் அதை மறந்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்து தொட்டால் தோசைக்கல். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து நாள் கழித்து மேசையில் வைத்தபோது சமமாக உட்காராமல் பம்பரம்போல் ஆடியது. நடுவயிறு உப்பி, மூடியின் விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. அதற்கு மேல் அதில் எதையும் செருகவில்லை. மண் நிரப்பிய பழைய பூந்தொட்டியில் வைத்து, மொட்டை மாடியில் நிழலான மூலையில் தள்ளினேன். மறுவாரம் மின்கழிவு எடுக்கும் இடத்தில் ஒப்படைத்தேன். அங்கிருந்தவர் அதை வாங்கி, உப்பிய பக்கத்தை மேலே வைத்து, ஏற்கெனவே இருந்த ஏழெட்டு உப்பல்களோடு ஒரு இரும்பு டிரம்மில் சேர்த்தார்.