பெங்களூரில் ஹைபிரிட் எஸ்யூவி: நெடுநாள் ஓட்டத்தில் தெரிய வந்தவை

பெங்களூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்து வண்டிக்கு இரண்டு வேலை. வாரநாளில் மாரத்தஹள்ளியிலிருந்து சில்க் போர்டு வரை ஊர்ந்தே போக வேண்டும். பொங்கல், தீபாவளி, பள்ளி விடுமுறை என்றால் ஐந்து பேரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டி சேலத்துக்கும் அதற்கு அப்பாலும் ஓட வேண்டும். ஷோரூமில் காட்டுகிற பெரிய திரையை வைத்து இந்த இரண்டையும் கணிக்க முடியாது. எஞ்சின், கியர்பாக்ஸ், டிக்கி மூன்றையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இங்கே பேசப்போவது டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா இரண்டிலும் வருகிற 1.5 லிட்டர் ஸ்ட்ராங் ஹைபிரிட் பற்றி. பெட்ரோல் எஞ்சினோடு, வண்டியைத் தனியாகவும் நகர்த்தக்கூடிய மின் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்ததுதான் அது. 2022இல் அறிமுகமான இவை அடிப்படையில் ஒரே வண்டிதான். மைல்ட் ஹைபிரிட் என்று விற்கப்படுவது வேறு. அது வெறும் மோட்டாரில் ஓடாது.

அறிவிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 27.97 கி.மீ. அவுட்டர் ரிங் ரோட்டில் ஏசி போட்டு ஓட்டினால் 18 முதல் 21 வரை எதிர்பார்க்கலாம். சாதாரண 1.5 பெட்ரோல் ஆட்டோமேட்டிக் அதே நெரிசலில் 9, 10ஐத் தாண்டத் திணறும். பிரேக் பிடிக்கும்போது சூடாகி வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை மோட்டார் பேட்டரிக்குத் திருப்பிவிடுகிறது. ஊரும்போது பெரும்பாலும் எஞ்சின் அணைந்தே இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம் வரை 2 கி.மீ. போய்த் திரும்புவதுதான் தினசரி ஓட்டம் என்றால் இந்தக் கணக்கு எடுபடாது. எஞ்சின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும், மைலேஜ் நன்றாகவே இறங்கும்.

ஹைபிரிட் பேட்டரியின் கொள்ளளவு 0.76 யூனிட்தான். அதனால் அது நாள் முழுக்க நிறைந்தும் வடிந்தும் கொண்டே இருக்கும். நெரிசலில் ஏசியோடு நின்றால் சில நிமிடத்தில் எஞ்சின் தானாகக் கிளம்பும். அது கோளாறு இல்லை. சிக்னலில் வண்டியை நியூட்ரலில் போடுவதுதான் தவறு. மேனுவல் வண்டி ஓட்டியவர்களுக்குக் கை தானாக அங்கேதான் போகும். நியூட்ரலில் எஞ்சின் ஓடினாலும் ஹைபிரிட் பேட்டரி சார்ஜ் ஆகாது. ஏசி மட்டும் அதை உறிஞ்சிக்கொண்டிருக்கும். நெடுநேரம் நிற்பதென்றால் 'P' (பார்க்), கொஞ்ச நேரம் என்றால் 'D' (டிரைவ்) நிலையில் வைத்துப் பிரேக்கில் கால்.

பணக் கணக்கு எளிது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், ஹைபிரிட் 20 கி.மீ., சாதாரண பெட்ரோல் 10 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கி.மீ. ஓடினால் 5,000 ரூபாய் மிச்சம். ஹைபிரிட்டுக்கு இரண்டரை லட்சம் கூடக் கொடுத்திருந்தால் 50 மாதத்தில் ஈடாகும். மாதம் 400 கி.மீ. மட்டுமே ஓடுபவருக்கு அதே தொகை ஈடாகப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் மைலேஜுக்காக ஹைபிரிட் வாங்க வேண்டியதில்லை.

நெடுஞ்சாலையில் இந்த லாபம் சுருங்கும். சீராக நூறில் போகும்போது எஞ்சின்தான் இழுக்கிறது. மோட்டாரும் எஞ்சினும் சேர்ந்து 116 பிஎஸ் (குதிரைத்திறன்). எஞ்சின் மட்டும் 92 பிஎஸ். தொப்பூர் கணவாயில் சேலத்திலிருந்து தர்மபுரி நோக்கி ஏறும்போது இது தெரியும். முழு லோடில் பேட்டரி வடிந்த பிறகு மூன்று சிலிண்டர் எஞ்சின் உரக்கக் கத்தும், வேகம் அந்த அளவுக்கு ஏறாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற பெங்களூரில் டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எந்த எஞ்சினும் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும்; காற்றின் அடர்த்தி குறைவு. இறக்கத்துக்கென்று கியர் லீவரில் 'B' நிலை, அதாவது எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தும் எஞ்சின் பிரேக்கிங் நிலை இருக்கிறது. லாரிகள் பிரேக் சூடேறித் தடுமாறுகிற அந்தச் சரிவில் அதைப் போட்டே இறங்க வேண்டும். பேட்டரி நிறைந்ததும் எஞ்சின் சத்தம் திடீரென்று ஏறும். மோட்டாரால் இனி ஆற்றலைச் சேமிக்க முடியாததால் எஞ்சின் வண்டியைத் தாங்கிப் பிடிக்கிறது, பதற வேண்டாம்.

பெரிய குறை டிக்கி. பேட்டரி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. கொள்ளளவு 265 லிட்டர். ஹூண்டாய் கிரெட்டாவில் 433. ஒரு பெரிய ட்ராலி பெட்டியும் இரண்டு கைப்பையும் வைத்தால் முடிந்தது. ஊரிலிருந்து திரும்பும்போது 25 கிலோ அரிசிச் சிப்பமும் தேங்காய் மூட்டையும் வருகிற வீட்டுக்கு இது நிஜமான பிரச்சினை. வழக்கமாகக் கொண்டுபோகும் பெட்டிகளை டெஸ்ட் டிரைவ் அன்றைக்கே எடுத்துப்போய் டிக்கியில் அடுக்கி, கதவை மூடிப் பாருங்கள். விற்பனையாளர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்பட வேண்டாம்.

சரி, மாற்று என்ன? கிரெட்டாவின் டர்போ இல்லாத பெட்ரோலும் ஐவிடி கியர்பாக்ஸும் (ஹூண்டாயின் சிவிடி; படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) நகரத்துக்கு மென்மையான ஜோடி. குடிப்பது மட்டும் அதிகம். அதிலேயே 160 பிஎஸ் டர்போ, ஓட்ட அருமை. ஆனால் அதன் 7 ஸ்பீடு டிசிடி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸில் இருப்பது டிரை கிளட்ச், அதாவது எண்ணெயில் நனையாத கிளட்ச். ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டுத் தொட்டு ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்தபடியே உரசிச் சூடேறும். முன்வண்டியோடு ஒட்டிக்கொண்டு நகராமல், ஒரு வண்டி நீளம் இடம் விட்டு, அது கிடைத்ததும் ஒரேயடியாக நகர்ந்து நிறுத்துவதே இதற்கு வழி. தினமும் அவுட்டர் ரிங் ரோட்டில் இதைச் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் டார்க் கன்வெர்ட்டர் (எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும்) ஆட்டோமேட்டிக்கோ சிவிடியோ பார்ப்பது நல்லது.

டீசலின் இழுவை தொப்பூரில் சுகம். சிக்கல் நகரத்தில். பிஎஸ்6 மாசு விதிக்கு ஏற்ப வரும் டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரியை எரிக்க வண்டி நிற்காமல், ஓரளவு வேகத்தில் கால் மணி நேரமாவது ஓட வேண்டும். அடிக்கடி பாதியில் அணைத்தால் கரி அடையும், எச்சரிக்கை விளக்கு எரியும், என்ஜின் ஆயில் மட்டமும் கூடலாம். மாதம் ஒருமுறையாவது ஊருக்குப் போகிறவர்களுக்கு டீசல் பொருந்தும். ஹெப்பாள் மேம்பாலத்தைத் தாண்டாத வண்டிக்குப் பொருந்தாது.

அம்மா அப்பாவும் கூடவே இருந்தால் மூன்று வரிசை தேவைப்படும். இன்னோவா ஹைகிராஸில் மூன்றாம் வரிசையை நிமிர்த்திய பிறகும் 300 லிட்டர் டிக்கி மிஞ்சுகிறது. பெரியவர்கள் குனிந்து நுழைய வசதி. மஹிந்திரா எக்ஸ்யூவி 700இல் 185 பிஎஸ் வரையிலான டீசல் உண்டு, ஆனால் மூன்றாம் வரிசை பிள்ளைகளுக்குத்தான். அந்த வண்டி 2021இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்றது. அகலம் கண்ணாடி இல்லாமலே 1,890 மி.மீ. அபார்ட்மென்ட் அடித்தளத்தில் 2.5 மீட்டர் பார்க்கிங்கில் பக்கத்துக்கு ஓர் அடிதான் மிஞ்சும். பக்கத்தில் தூண் இருந்தால் கதவைத் திறந்து முழங்கால் வலியுள்ளவர் இறங்குவது பெரும்பாடு. டேப்பை எடுத்து முதலில் உங்கள் பார்க்கிங்கை அளந்துவிடுங்கள்.

ஓட ஓடத் தேய்வது எது? ஹைபிரிட்டில் பிரேக் பேட் நெடுநாள் வரும், மோட்டாரே பாதி வேலையைச் செய்துவிடுவதால். ஆனால் பெங்களூர்ப் பள்ளங்கள் சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடையும் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் விடாது. மெதுவாகப் போகும்போது ஹம்ப்பில் 'டக் டக்' என்று கேட்டால் அங்கே முதலில் பாருங்கள். ஷாக் அப்சார்பரை மாற்றச் சொன்னால் அவசரப்படாதீர்கள். டயரின் பக்கவாட்டில் கொப்புளம் தெரிந்தால் உள்ளே நூலிழை அறுந்திருக்கிறது. அதற்குப் பஞ்சர் ஒட்டி ஓட்டக்கூடாது, மாற்ற வேண்டும்.

சன்ரூஃப் உள்ளவர்கள் மழைக்கு முன் ஒன்று செய்யுங்கள். கூரையின் மூலைகளில் நீர் வடிகிற குழாய்கள் இருக்கும். மரத்தடியில் நிறுத்தும் வண்டியில் இலைச் சருகு அதை அடைக்கும். தண்ணீர் முன்கண்ணாடி ஓரத்துத் தூண் வழியாக உள்ளே கசியும். ஒரு டம்ளர் தண்ணீரை மூலையில் மெதுவாக ஊற்றினால் சக்கரத்தின் பக்கம் கீழே சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் அடைப்பு. குழாயில் கம்பி விடாதீர்கள், மூட்டு கழன்றுவிடும். மெல்லிய நைலான் இழை போதும்.

கடைசியாக, ஓசூரில் பதிவு செய்தால் மிச்சமா என்ற கேள்வி. கர்நாடகத்தில் 10 முதல் 20 லட்சம் வரையுள்ள வண்டிக்கு ஆயுள் வரி 17 சதவீதம், அந்த வரியின் மேல் 11 சதவீத செஸ்; ஆக 18.87. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் அதே பிரிவுக்கு 18. பதினெட்டு லட்ச வண்டியில் வித்தியாசம் 16,000 ரூபாய்க்கும் குறைவு. 20 லட்சத்துக்கு மேலே போனால் கர்நாடகத்தின் 19.98க்கும் தமிழ்நாட்டின் 20க்கும் இடையே வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். பெங்களூரில் ஓராண்டுக்கு மேல் ஓட்டினால் இங்கேயும் வரி கட்ட வேண்டியிருக்கும். குடியிருக்கும் ஊரிலேயே பதிவு செய்யுங்கள்.