கோன் நட்டா, பிளாட் நட்டா? டிரெய்லர் சக்கரத்துக்கு எது சரி

மணலி, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர்கள் பலரும் மொத்தச் சுமையையும் ஸ்டட், அதாவது நட்டு ஏறுகிற மரைக் கம்பிதான் தாங்குகிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நட்டை முறுக்கும்போது ஸ்டட் மயிரிழை அளவு நீள்கிறது, அது திரும்பச் சுருங்கப் பார்க்கிற இழுவைதான் டிஸ்க்கை (சக்கரத்தின் நடுத் தகடு) ஹப்போடு (அச்சு முனையில் சக்கரம் மாட்டுகிற பகுதி) அழுத்திப் பிடிக்கிறது, அந்த இரண்டு இரும்பு முகங்களின் உராய்வில்தான் வண்டியே ஓடுகிறது.

பழைய முறை கோன் நட்டு. டிஸ்க் ஓட்டையும் சரிவு, நட்டின் அடியும் சரிவு. சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவருவதும் நட்டுதான், இறுக்குவதும் நட்டுதான். அதனால் ஒரு நட்டை மட்டும் முதலிலேயே முழுசாக முறுக்கினால் சக்கரம் ஒரு பக்கம் ஒதுங்கி உட்கார்ந்துவிடும். ஓட்டத்தில் கழலாமல் இருக்க இடது பக்கச் சக்கரத்துக்கு இடது மரை (இடப்பக்கம் திருப்பினால் இறுகுவது) வைப்பார்கள், கடைக்குப் புதிதாக வந்த பையன் அது தெரியாமல் காற்றழுத்தத்தில் நட்டு முறுக்குகிற ஏர் கன்னை வைத்தால் மரை போச்சு.

பிளாட் நட்டில் சக்கரத்தை நடுவில் நிறுத்துவது ஹப்பின் விளிம்பு. நட்டுக்கு அழுத்துகிற வேலை மட்டும்தான், இரண்டு பக்கமும் வலது மரை. 22 மி.மீ. ஸ்டட்டுக்குச் சுமார் 600 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும், அதாவது ஒரு மீட்டர் குழாயின் நுனியில் 60 கிலோ ஆள் தொங்குகிற மாதிரி.

என் ஓட்டு பிளாட்டுக்கு. ஆனால் அதற்கு முகம் சுத்தமாக இருக்க வேண்டும். காசிமேட்டில் மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் தண்ணீரும் உப்பும் வழிந்து ஹப் முகத்தில் துரு படை படையாக நிற்கும், அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காமல் மாட்டினால் எவ்வளவு முறுக்கியும் பயனில்லை. எஃப்.சி.க்காகத் தடிமனாக அடித்த பெயின்ட்டும் அப்படித்தான், ஓட ஓட நசுங்கி நட்டு தளர்ந்துவிடும். நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் உடனே பாருங்கள்.

ரயில் வழி வேறு. பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகளின் சக்கரத்துக்கு நட்டே கிடையாது. அச்சைவிடத் துளை துளியூண்டு சிறிது, பிரஸ்ஸில் வைத்து அழுத்தி ஏற்றிவிடுவார்கள், சக்கரமும் அச்சும் சேர்ந்தே சுழலும். உறுதிக்கு அதை அடிக்க ஆளில்லை, ஆனால் சாலையோரத்தில் டயர் மாற்றுகிற நமக்கு அது ஆகாது.

அப்புறம், எந்த நட்டாக இருந்தாலும் சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் முறுக்கு அளவு பார்த்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச் போட்டு மறுபடி முறுக்குங்கள். சென்னைத் துறைமுக ஜீரோ கேட் வரிசையில் நிற்கிற நேரமே அதற்குத் தாராளம்.