துதி ஜெபமும் புலம்பல் ஜெபமும்

மனம் சோர்ந்திருக்கும் கிறிஸ்தவருக்கு முன் இரண்டு ஜெப வழிகள் உள்ளன; ஒன்று பெற்ற நன்மைகளை எண்ணித் துதிப்பது, மற்றொன்று துயரத்தை மறைக்காமல் தேவனிடம் முறையிடுவது. அன்றாடக் கவலைக்குத் துதி நன்றாகவே உதவுகிறது. சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதிய பவுலும் (4:6) விண்ணப்பத்தோடு ஸ்தோத்திரத்தையும் சேர்த்தே சொல்கிறார். ஆனால், அடக்க ஆராதனை முடிந்து கல்லறை மண்ணின் ஈரம்கூடக் காயாத நிலையில், "அழாதீங்க, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று ஆறுதல் கூறும்போது, அழுவதே விசுவாசக் குறைவு என்ற குற்ற உணர்வும் துயரத்தோடு சேர்ந்துகொள்கிறது.

அந்த நேரத்துக்கு நான் புலம்பலையே தேர்ந்தெடுப்பேன். 13-ஆம் சங்கீதம் முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்டுவிட்டு, ஆறாம் வசனத்தில்தான் பாட்டுக்கு வருகிறது. 88-ஆம் சங்கீதமோ அந்தத் திருப்பமே இல்லாமல் இருளிலேயே முடிகிறது, ஆனாலும் அதுவும் ஜெபமாகவே வேதத்தில் இடம்பெற்றிருக்கிறது. சொல்ல வார்த்தை வராதவர் அதை வாய்விட்டு வாசித்தாலே போதும்.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மருத்துவரிடமும் போக வேண்டும்; சாக வேண்டுமென்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான்.