விடுதியா, பகிர்ந்த வீடா, தனி வீடா? தனித்து வாழப் பழகுவது குறித்து ஓர் அலசல்

படிப்புக்காகவோ முதல் வேலைக்காகவோ பெற்றோர் வீட்டை விட்டுக் கிளம்பும் இளைஞர் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. உணவும் படுக்கையும் சேர்த்துத் தரும் விடுதியில் சேரலாம். இரண்டு மூன்று பேருடன் கூட்டாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கலாம். அல்லது, எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி என்று, தனக்கென ஒரு வீட்டைப் பிடிக்கலாம். இவற்றுள் எது மலிவு, எது வசதி என்று பலரும் ஒப்பிடுகிறார்கள். தனித்து வாழும் திறமையை இவற்றுள் எது கற்றுத் தருகிறது என்ற கேள்வியை அவ்வளவாக யாரும் எழுப்புவதில்லை. விடுதி முதல் படி, பகிர்ந்த வீடு இரண்டாம் படி, தனி வீடு மூன்றாம் படி என்று வரிசைப்படுத்திச் சொல்வது வழக்கம். மூன்றிலும் சில ஆண்டுகள் இருந்து பார்த்த பிறகு, அந்த வரிசையில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

விடுதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. புதிய ஊரில் முதல் சில மாதங்களுக்கு அது நல்ல புகலிடம். தேர்வுக்குப் படிப்பவருக்கும், நாளில் பெரும்பகுதியைப் பணியிடத்திலேயே கழிப்பவருக்கும் அதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. ஆனால் எப்போது சாப்பிடுவது, என்ன சாப்பிடுவது, எப்போது கதவைப் பூட்டுவது, குழாய் ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது ஆகிய முடிவுகள் அனைத்தையும் அங்கே வேறொருவர் எடுத்துவிடுகிறார். பெற்றோர் செய்த வேலையை விடுதிக் காப்பாளர் செய்கிறார் என்பதைத் தவிர, தங்குபவரின் அன்றாடத்தில் பெரிய மாற்றம் நிகழ்வதில்லை. ஐந்து ஆண்டுகள் விடுதியில் இருந்துவிட்டு வெளியே வந்த ஒருவர், மின்கட்டணம் செலுத்த ஒரு கடைசித் தேதி உண்டு என்பதையே அப்போதுதான் அறிந்ததாக என்னிடம் சொன்னார். அதை அவர் குறையென்று நான் கருதவில்லை. அறிந்துகொள்ள வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவே இல்லை.

பகிர்ந்த வீட்டின் முதல் பலம் பணம். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (OECD) என்னும் பன்னாட்டு அமைப்பு, வெவ்வேறு அளவுள்ள குடும்பங்களின் வருமானத்தை ஒப்பிடுவதற்கு ஓர் எளிய கணக்கைப் பயன்படுத்துகிறது: ஒரு வீட்டின் தேவை, அங்கு வாழ்வோர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மட்டுமே உயர்கிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. அதன்படி ஒருவருக்கு 1 பங்கு தேவைப்பட்டால், இருவருக்கு 2 பங்கு வேண்டியதில்லை, 1.41 பங்கு போதும். நால்வருக்கு 2 பங்கு போதும். அதாவது நால்வராக வாழும்போது தலைக்கு ஆகும் செலவு, தனியாக வாழ்பவரின் செலவில் பாதி. குளிர்சாதனப் பெட்டியும் இணைய இணைப்பும் சமையலறையும் ஒருவருக்கும் ஒன்றுதான், நால்வருக்கும் ஒன்றுதான் என்பதே இதற்குக் காரணம். முதல் சம்பளத்தில் வாழ்பவருக்கு இது சாதாரண வேறுபாடு அன்று.

இரண்டாவது பலம், மனிதர்களோடு பேசித் தீர்க்கும் பழக்கம். பாத்திரம் யார் கழுவுவது, இரவில் எவ்வளவு நேரம் வரை சத்தம் போடலாம், விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம் என்பவற்றையெல்லாம் முகம் சுளிக்காமல் பேசக் கற்றுக்கொள்வது வாழ்நாள் முழுவதற்கும் பயன்படும். பண விஷயத்தில் மட்டும் பேச்சை நம்பியிருக்கக் கூடாது. நாங்கள் மூவர் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தபோது, ஒருவர் பாதியில் வேலை மாறிப் போய்விட்டார். அவர் பங்கு வாடகையை நான்கு மாதம் மற்ற இருவரும் சுமந்தோம். கூட்டாகக் கையெழுத்திட்டவர்களில் ஒவ்வொருவரும் முழு வாடகைக்கும் பொறுப்பு என்ற விதி பல வாடகை ஒப்பந்தங்களில் இருக்கிறது. எங்களுடையதிலும் இருந்தது, படிக்காமல் கையெழுத்திட்டது எங்கள் தவறு.

இவ்வளவு நன்மை இருந்தும், பகிர்ந்த வீட்டைத் தனி வாழ்க்கைக்கான பயிற்சி என்று நான் கொள்ளாததற்குக் காரணம் உண்டு. கூடி வாழும்போது வேலை பங்காகிறது. வேலையோடு சேர்ந்து அறிவும் பங்காகிவிடுகிறது. ஒருவர் எப்போதும் சமைக்கிறார், ஒருவர் எப்போதும் கட்டணங்களைச் செலுத்துகிறார், வீட்டு உரிமையாளரிடம் எப்போதும் மற்றொருவர் பேசுகிறார். இரண்டு ஆண்டு கழித்துப் பிரியும்போது ஒவ்வொருவர் கையிலும் மூன்றில் ஒரு பங்கு குடித்தனம்தான் இருக்கிறது. கட்டணம் செலுத்தும் பொறுப்பு என்னுடையதாக இருந்ததால், அடுப்பைப் பற்றி நான் எதையும் அறியாமலேயே அந்த வீட்டிலிருந்து வெளியேறினேன்.

தனி வீட்டில் புதிதாகச் சேரும் சுமை சமையலோ துவைப்போ அன்று, கவனிப்பு. கூட்டமாக இருக்கும்போது யாராவது ஒருவர் கவனித்துவிடுவார்: எரிவாயு வாசம் வருகிறது, குழாயில் நீர் சொட்டுகிறது, நீ மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தனியாக இருக்கும்போது நாம் கவனிக்காவிட்டால் அது கவனிக்கப்படாமலேயே போகும்.

தனியே குடிபுகுந்த இரண்டாம் மாதத்தில் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. பாராசிட்டமால் மாத்திரை கையில் இருந்தது. நள்ளிரவில் விழித்தபோது, கடைசி மாத்திரையை எப்போது போட்டேன் என்பது நினைவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்பா, ஐந்து மணி நேரத்துக்கு முன்பா என்று தெரியவில்லை. உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமே உச்ச வரம்பு, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. அதைத் தாண்டினால் கல்லீரல் பாதிக்கப்படலாம். அட்டையில் எத்தனை குழிகள் காலியாக இருக்கின்றன என்று விளக்கைப் போட்டு எண்ணிப் பார்த்தேன். ஆனால் அவற்றில் எத்தனை இன்றைக்குரியவை என்பதைச் சொல்ல அறையில் யாரும் இல்லை. அன்றிலிருந்து எந்த மாத்திரை போட்டாலும் நேரத்தை அட்டையின் பின்புறமே பேனாவால் எழுதிவிடுகிறேன்.

உணவிலும் இதே கதைதான். ஒருவருக்கு அளவாகச் சமைப்பது கடினம் என்பதால் மிச்சம் விழும்; மிச்சத்தை அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டுத் தூங்கிவிட நேரும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, 5 டிகிரி செல்சியசுக்குக் கீழ் குளிர்விக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையோரம் தேங்கும் என்பதும், அப்போது மின்சுவிட்ச் எதையும் தொடாமல் சன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும் என்பதும், எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும் என்பதும் தனியாக இருக்கும் ஒவ்வொருவரும் குடிபுகும் முதல் வாரத்திலேயே அறிந்திருக்க வேண்டியவை. தண்ணீரின் மெயின் வால்வும் மின்சாரத்தின் மெயின் சுவிட்சும் எங்கே என்று முதல் நாளே தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

தனி வீட்டுக்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் தனிமை. அது பொய்யான வாதம் அன்று. 2018இல் பிரிட்டனும் 2021இல் ஜப்பானும் தனிமைக்கென்றே ஓர் அமைச்சரை நியமிக்கும் அளவுக்கு அது அரசுகளின் கவலையாகிவிட்டது. ஆயினும், அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973இல் சுட்டிய ஒரு வேறுபாடு இங்கே பெரிதும் உதவுகிறது. பழகுவதற்கு ஒரு வட்டம் இல்லாத தனிமை வேறு. மனம் விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாத தனிமை வேறு. ஒன்றை இட்டு மற்றதை நிரப்ப முடியாது. பகிர்ந்த வீடு முதல் வகைக்கு மருந்து. இரண்டாவதற்கு அதனால் அதிகம் செய்ய இயலாது. பக்கத்து அறையில் சிரிப்புச் சத்தம் கேட்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்த இரவுகளே, நான் தனியாக வாழ்ந்த இரவுகளைவிட எனக்குக் கனமாக இருந்தன. எனவே தனிமைக்கு அஞ்சிக் கூட்டு வீட்டைத் தேர்ந்தெடுப்பவர், தமக்கு இருப்பது எந்தத் தனிமை என்று முதலில் கேட்டுக்கொள்வது அவசியம். மனச்சோர்வில் இருப்பவர், அண்மையில் இழப்பைச் சந்தித்தவர், வலிப்பு போன்ற நோய் உள்ளவர் ஆகியோருக்கு என் பரிந்துரை வேறு: அவர்கள் கூட இருக்க ஒருவரோடு வாழ்வதே மேல்.

மற்றவர்களுக்கு என் முடிவு இதுதான். கையில் பணம் குறைவாக இருந்தால் பகிர்ந்த வீட்டைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் வேலைகளை நிரந்தரமாகப் பிரித்துக்கொள்ளாமல் மாதந்தோறும் மாற்றிக்கொள்ளுங்கள்; கட்டணம் செலுத்துபவர் அடுத்த மாதம் சமைக்கட்டும். மூன்று மாதச் செலவுக்குச் சேமிப்பு இருந்தால், விடுதியிலும் கூட்டு வீட்டிலும் ஆண்டுகளைக் கழித்துத் தகுதி பெற வேண்டுமென்று காத்திராமல் நேரே தனி வீட்டுக்குப் போகலாம். நீச்சலைப் படகில் உட்கார்ந்து பழக முடியாததைப் போல, இதையும் வேறு இடத்தில் இருந்துகொண்டு பழக முடியாது. வீடு தேடும்போது, அறையின் அளவைவிட நடந்துவரும் தூரத்தில் நமக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா என்பதற்கு அதிக மதிப்புக் கொடுக்கலாம். காய்ச்சல் தணிந்த மறுநாள் நான் செய்த முதல் வேலை, மாற்றுச் சாவி ஒன்றைச் செய்வித்து எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுத்ததுதான். காலை ஒன்பது மணி வரை என் சன்னல் திறக்கவில்லை என்றால் கதவைத் தட்டுங்கள், திறக்காவிட்டால் இதைப் பயன்படுத்துங்கள் என்று சொன்னேன். அவர் சாவியை வாங்கித் தம் வீட்டு வாசலுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். அது இன்றும் அங்கேதான் தொங்குகிறது.