தகுதிச் சுற்றில் ஒரு லேசர் தூரமானி: 36 குழிகள் ஆடி முடித்தபின் ஒரு மதிப்பீடு

தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரனாக வேண்டும் என்று முயன்றுகொண்டிருக்கும் என் தம்பிக்கு நான்தான் கேடி, அதாவது அவன் பையைச் சுமந்து தூரம் சொல்லி உதவுபவன். அவன் கலந்துகொண்ட தகுதிச் சுற்றுப் போட்டிக்காக வாங்கிய லேசர் தூரமானியை ஒரு பயிற்சிச் சுற்றிலும், அடுத்த இரண்டு நாள்களில் ஆடிய 36 குழிகளிலும் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். ஆறு மடங்கு உருப்பெருக்கம், குழியில் நட்டிருக்கும் கொடிக்கம்பை லேசர் பிடித்தவுடன் கையில் உணரத்தக்க அதிர்வு, ஏற்ற இறக்கத்தைச் சேர்த்துச் சொல்லும் சரிவுக் கணக்கு, அந்தக் கணக்கை நிறுத்துவதற்குப் பக்கவாட்டில் ஒரு விசை என நடுத்தரக் கருவிகளில் இப்போது வழக்கமாகிவிட்ட வசதிகள்தாம் இதிலும் உள்ளன. விடுமுறை நாளில் நண்பர்களோடு ஆடுபவர் கேட்டால், தயங்காமல் வாங்குங்கள் என்று சொல்லிவிடுவேன். பந்தை அடிக்கும் எண்ணிக்கையில் (அடி) ஒன்று கூடிப்போனால் அடுத்த வாய்ப்புக்கு ஓராண்டு காத்திருக்க நேரும் போட்டியில் இதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை ஆராயத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

கருவி வேலை செய்யும் முறை எளிமையானது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித் துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. 150 கெஜம் தொலைவில் உள்ள கொடிக்கு ஒளி போய்த் திரும்ப ஒரு மைக்ரோ நொடிகூட ஆவதில்லை. ஒரு கெஜ வேறுபாட்டைக் கண்டறிய வேண்டுமானால் ஏறத்தாழ ஆறு நானோ நொடி வேறுபாட்டைக் கருவி பிரித்தறிய வேண்டும். இந்தப் பகுதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பயிற்சி நாளில் ஃபேர்வேயில் (குழிக்குப் போகும் வழியிலுள்ள வெட்டிய புல்வெளி) பொறிக்கப்பட்டிருந்த தூரக் குறிகளோடு பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்தேன். எங்கும் ஒரு கெஜத்துக்கு மேல் வேறுபாடு இல்லை.

பிழை நுழையும் இடம் வேறு. கொடிக்கம்பின் விட்டம் இரண்டு அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அத்தனை ஒல்லியான கம்பை 150 கெஜத்திலிருந்து, அதுவும் போட்டி நாளில் லேசாக நடுங்கும் கையோடு, பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒளி கம்பைத் தவறவிட்டால் பின்னாலுள்ள மரத்தில் படும். அருகிலுள்ள பொருளுக்கே முன்னுரிமை தரும்படி கருவி அமைக்கப்பட்டிருந்தாலும், கம்பில் ஒளி படவே இல்லையென்றால் அந்த முன்னுரிமையால் பயனில்லை.

முதல் நாள், தண்ணீரைத் தாண்டி அடிக்க வேண்டிய ஒரு பார் மூன்று குழியில் (மூன்று அடியில் முடிக்க வேண்டியது) அதுதான் நடந்தது. நான் அழுத்தினேன், கருவி அதிர்ந்தது, திரை 183 என்றது. தம்பி பையிலிருந்து கிளப்பை (கோல்ஃப் மட்டை) உருவப் போனான். மைதானத்தின் தூரங்களைக் குறித்திருக்கும் யார்டேஜ் புத்தகம் என் கையில் இருந்தது; அதிலோ, டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) கிரீனின் (குழி இருக்கும் புல்பரப்பு) முன்விளிம்பு 138 என்று இருந்தது. அன்றைய கொடி நிற்கும் இடங்களைக் காட்டும், காலையில் கொடுத்த ‘பின் ஷீட்’ தாள், கொடி முன்விளிம்பிலிருந்து 14 கெஜம் உள்ளே இருப்பதாகச் சொன்னது. கூட்டினால் 152. மறுபடி குறிபார்த்தபோது கருவியும் 152 என்றே காட்டியது. முன்பு அது பிடித்தது கிரீனுக்குப் பின்னால் நின்ற மரத்தை. ஒரு கிளப்புக்கும் அடுத்த கிளப்புக்கும் இடையே பத்துக் கெஜம் என்று வைத்துக்கொண்டால் இது மூன்று கிளப் வேறுபாடு. பிடிபட்டது மரமா கம்பா என்பதை அதிர்வு வேறுபடுத்திக் காட்டுவதில்லை என்பதையும், தவறான எண்ணைக்கூட அதே உறுதியோடுதான் அறிவிக்கிறது என்பதையும் வாங்குபவர் மனத்தில் கொள்ள வேண்டும். அதன் பிறகு ஒவ்வோர் அடிக்கும் இரண்டு முறை அளந்தேன். புத்தகக் கணக்கோடு ஒத்துவராத எண்ணைத் தம்பியிடம் சொல்லவே இல்லை.

சரிவுக் கணக்கு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விளம்பரங்கள் பெரிதாகப் பேசும் அந்த வசதியே போட்டியில் ஆபத்தானது. 2019இல் நடைமுறைக்கு வந்த கோல்ஃப் விதிகளின்படி, போட்டி அமைப்பாளர்கள் விதிக்கும் உள்ளூர் விதி தடுக்காத வரையில் தூரமானியைப் பயன்படுத்தலாம். ஆனால் சுற்று நடக்கும்போது உயர வேறுபாட்டை அதைக்கொண்டு அளக்கக் கூடாது என்கிறது விதி 4.3. அந்த வசதி கருவியில் இருப்பது குற்றமன்று, பயன்படுத்துவதுதான் குற்றம். முதல் முறைக்கு இரண்டு அடி தண்டனை, மீண்டும் மீறினால் போட்டியிலிருந்தே நீக்கம். எங்கள் கருவியின் விசை, சரிவுக் கணக்கு இயங்கும்போது சிவப்புக் கோட்டைக் காட்டும், நிறுத்தினால் கோடு மறைந்துவிடும். முதல் டீயில் உடன் ஆடியவரின் கேடி அந்தப் பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார். நானும் அவருடைய கருவியைப் பார்த்தேன். வெளியே தெரியும் இந்த அடையாளம் ஒன்றுக்காகவே, மெனுவுக்குள் போய் அணைக்க வேண்டிய மாதிரிகளைவிட இதைப் பரிந்துரைப்பேன். குறை என்னவென்றால் விசை மிகவும் இளக்கமாக இருக்கிறது. உறையிலிருந்து எடுக்கும்போது இரண்டு முறை தானாகவே நகர்ந்திருந்தது. இரண்டாம் நாள் விசைமேல் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.

அதற்காகச் சரிவுக் கணக்கு வீண் என்று சொல்ல மாட்டேன். பயிற்சி நாளில் அதை இயக்கி, ஒவ்வொரு கிரீனும் அடிக்கும் இடத்தைவிட எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம் என்று புத்தகத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டோம். சுற்று தொடங்குமுன் திரட்டிய இத்தகைய குறிப்பைப் பார்ப்பதற்குத் தடையில்லை. கருவி எங்களுக்குத் தந்த மிகப் பெரிய உதவி அந்தப் பென்சில் குறிப்புகள்தாம் என்று இப்போது தோன்றுகிறது.

இரண்டாம் நாள் காலையில் தூறல் விழுந்தது. முன்கண்ணாடியில் நீர்த்துளி படிந்ததும் திரையில் எண்ணுக்குப் பதிலாக வெறும் கோடுகளே வந்தன. துடைத்துவிட்டு அழுத்தினாலும் மூன்றில் ஒரு முறைதான் கொடி பிடிபட்டது. நீர் புகாத உடல் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது உண்மைதான், உள்ளே ஒரு சொட்டும் இறங்கவில்லை. ஆனால் கருவி நனையாமல் தப்பிப்பதும் மழையில் அளப்பதும் ஒன்றல்லவே. நான்கு குழிகள் புத்தகத்தை மட்டுமே வைத்து ஆடினோம்.

மற்றவை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின்கலம் சிஆர்2 வகை. எல்லாக் கடையிலும் உடனே கிடைப்பதில்லை என்பதால் உபரியாக ஒன்று பையில் இருக்க வேண்டும். உறையின் ஜிப் சத்தம் போடுகிறது. அடுத்தவர் புட் ஆடும்போது (கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டும்போது) அதைத் திறந்து ஒரு முறை முறைப்பு வாங்கிக்கொண்டேன். கண்ணாடி அணிந்தவருக்கும் திரையின் எண்கள் தெளிவாகத் தெரிகின்றன, மங்கிய வெளிச்சத்தில் மட்டும் கறுப்பு எண்கள் மரங்களோடு கலந்துவிடுகின்றன. ஓர் அடிக்கு 40 நொடிக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று விதிகள் பரிந்துரைப்பதால், தம்பியின் முறை வருமுன்பே அளந்து முடித்துவிடுவேன். அளவுக்குக் கருவி இரண்டு நொடிதான் எடுக்கிறது, நேரத்தைத் தின்பது அதற்குப் பிந்தைய யோசனை.

வாங்குமுன் போட்டியின் விதித்தாளைப் படித்துவிடுங்கள். ஜி-5 என்னும் மாதிரி உள்ளூர் விதியை அமைப்பாளர்கள் நடைமுறைப்படுத்தியிருந்தால் எந்தத் தூரமானியையும் பயன்படுத்த முடியாது. மேல்மட்டப் போட்டிகளில் நீண்ட காலம் இந்தத் தடைதான் வழக்கமாக இருந்தது. தொழில்முறைக் கோல்ஃபின் பெரிய போட்டிகளுள் ஒன்றான பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் 2021இல், அமெரிக்க ஆட்டக்காரர் ஃபில் மிக்கல்சன் 50 வயதில் வென்ற அந்தப் போட்டியில்தான், அனுமதி வந்தது. மேலே போக விரும்பும் ஆட்டக்காரன், கருவி இல்லாமல் ஆட வேண்டிய நாளுக்கும் இப்போதே பழக வேண்டியிருக்கிறது.

தம்பி இரண்டு அடி வித்தியாசத்தில் வாய்ப்பை இழந்தான். தூரத்தில் தவறியதால் அல்ல, முதல் நாள் மூன்று கிரீன்களில் மும்மூன்று புட் ஆனதால். அதைக் கருவியின் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. கடைசிக் குழியில் கொடி, கிரீனின் முன்னால் இருந்த பங்கரை (மணல் பள்ளம்) ஒட்டி நின்றது. நான் அளந்து "97" என்றேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. "கொடி இருக்கட்டும் அண்ணா, பங்கரைத் தாண்ட எவ்வளவு வேணும், அதைச் சொல்லு" என்றான். மணலின் அந்த விளிம்பில் லேசர் பட்டுத் திரும்புவதற்கு ஏற்ற பொருள் எதுவும் இல்லை. உறைக்குள் கருவியை வைத்துவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன்.