மாரடைப்புக்குப் பின் ஸ்ரற்றின்: வார்ட்டிலா, கிளினிக்கிலா?

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மாரடைப்போடு படுத்திருப்பவருக்கு, கொலஸ்ரரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின் வகைக் குளிசையான அற்றோவாஸ்ரற்றினை அங்கேயே தொடங்குவதா, வீடு போய்ச் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி, கிளினிக்கில் பார்த்துத் தொடங்குவதா?

பிந்துவதில் ஒரு சௌகரியம் உண்டு: பக்கவிளைவுப் பயம் கொஞ்ச நாள் தள்ளிப்போகும். அவ்வளவுதான். "ரிப்போர்ட்டில் கொலஸ்ரரோல் சரிதானே" என்று ஆறுதல்படவும் முடியாது. மாரடைப்பு வந்து ஒரு நாள் கடந்தால் அளவு தற்காலிகமாக இறங்கியிருக்கலாம்.

2001இல் வெளியான மிராக்கிள் ஆய்வில், வைத்தியசாலையில் சேர்ந்து 24 முதல் 96 மணிநேரத்துக்குள் அற்றோவாஸ்ரற்றின் 80 மில்லிகிராம் தொடங்கியவர்களில் 14.8 வீதத்தினருக்கு 16 வாரத்துக்குள் மரணமோ, மீண்டும் மாரடைப்போ, அதுபோன்ற இதயச் சிக்கலோ வந்தது. மருந்தில்லாத வெற்றுக்குளிசை எடுத்தவர்களில் 17.4 வீதம். மரணம் மட்டும் குறைந்ததாகக் காட்டவில்லை. என்றாலும் நான் வார்ட்டின் பக்கம்தான். வாவிக்கு மேற்கே வயல் ஊர்களான படுவான்கரையில் அறுவடை நேரம் கிளினிக் திகதி தவறினால் மருந்தே தொடங்காது. குளிசை தொடங்கியபின் கடும் தசைவலியோ கறுத்த சிறுநீரோ கண்டால், உடனே டொக்டரிடம் சொல்லுங்கள்; தானாக நிறுத்திவிட்டு இருக்காதீர்கள்.